பயப்படாதீங்க என்று எழுதிக் கொடுத்தவன் நான்

ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். முன்பெல்லாம் அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. மோட்டார் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமல்லவா, பிரித்துக்கூடப் பார்க்காமல் பரண்மேல் போடுவார்களே, அதன் தமிழ்ப் பகுதியை இருபத்தைந்து வருஷமாக எழுதிவருவது நான்தான். என்னைவிட அதிகப் பிரதிகள் அச்சான எழுத்தாளர்கள் தமிழில் குறைவு. என்னைவிடக் குறைவாக வாசிக்கப்பட்டவர் யாருமே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு முதல் வாசகர் கிடைத்தார். மனிதர் அல்ல. விவசாயிகள் வாட்ஸப்பில் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல, கம்பெனி ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வைத்தது. அதை உருவாக்கிய பெண் கோட்டைமேட்டுக்காரர், என் வயதில் பாதி. என் புத்தகங்கள் அத்தனையையும் அவர் அதற்குள் போட்டார். அது ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, என் நடையிலேயே பேச ஆரம்பித்தது. "தங்கள் வினாவிற்குரிய தகவல் கையேட்டில் இடம்பெறவில்லை." ஒரே வாரத்தில் புகார்கள் வந்தன. "அந்த ஆளு போலீஸ் ஸ்டேசன்ல உக்காந்திருக்கறவராட்டப் பேசறாருங்க" என்றார் ஒரு விவசாயி.

விவசாயிகளோடு அது பேசுவதைத் தினமும் படித்துப் பார்த்து அதன் நாக்கைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லாச் சொல்லுக்கும் பின்னால் 'ங்க' போடு. யாராவது சிக்கலோடு வந்தால் முதல் வரியில் 'பயப்படாதீங்க' என்று சொல். 'தெரியாது' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதே. நான் வாழ்நாளில் எழுதியவற்றில் உடனடியாகப் பலன் தந்தது அந்த மூன்று பக்கம்தான். ஒரு மாதத்தில் எல்லோரும் அதைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நீங்க எந்த ஊருங்க, எந்தக் கூட்டமுங்க என்று குலம்வரை விசாரித்தார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு அம்மா, தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தார். நான் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேஜைக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என் எழுத்தைப் படித்து யாரும் இதுவரை பெண் கொடுக்க வந்ததில்லை.

அப்புறம்தான் சின்ன முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. என் புத்தகத்தில் இல்லாததைக் கேட்டால் தம்பி விழிக்கிறது. அதை இணையத் தேடலோடு இணைத்துவிட்டால் என்ன? அந்தப் பெண் எனக்கு விளக்கினார்.

"இது வரைக்கும் உங்க புஸ்தகத்தை மட்டும் பார்த்துச் சொல்லுச்சுங்க சார். இனிமேல் தெரியலைன்னா வெளிய போய்த் தேடும்."

"எங்க?"

"உலகம் முச்சூடும். கெடைச்சதைக் கொண்டாந்து உங்க பாஷையில சொல்லும்."

'உங்க பாஷை' என்றதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. மற்றதை நான் சரியாகக் கேட்கவில்லை.

சோதித்துப் பார்க்க முப்பது கேள்விகள் கொடுத்தார்கள். தம்பி தேடிச் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் அடியில், அது எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று ஒரு இணைப்பு நீல நிறத்தில் இருந்தது. அதை அமுக்கிப் பார்த்து, சரிதானா என்று சரிபார்ப்பது என் வேலை. எனக்கு அந்த நீல வரிகளைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. எழுதியதன் அழகே போகிறது. வந்தவரை வாசலில் நிறுத்தி, அடுத்த வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பது போல் இருக்கிறது.

"இதை எடுத்துருங்க அம்மணி" என்றேன். "ஊட்டுக்கு வந்தவங்க தண்ணி கேட்டாக் குடுப்போம். இது பக்கத்து ஊட்டுக் கொடத்துத் தண்ணின்னு சொல்லிக்கிட்டா குடுப்போம்?"

"எங்க ஊட்ல சொல்லுவோங்க சார்" என்றார் அவர். "எந்தத் தண்ணின்னு குடிக்கறவங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா."

நான் வயதில் பெரியவன், கம்பெனியிலும் பெரியவன். இணைப்புகள் விவசாயிகள் கண்ணில் படாமல் மறைந்தன. எங்கள் பதிவேட்டில் மட்டும் இருந்தன. முப்பதில் பதினான்கை அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியது. மிச்சம் பதினாறுக்கும் பார்க்காமலே சரி போட்டுக் கையெழுத்திட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை. வழக்கம்போல் ஒட்டுக்கேட்க உட்கார்ந்தேன். மணி பத்தேகால். எட்டு நாற்பதுக்கு அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, மோட்டார் போட்டா ரெண்டு நிமிசத்துல நின்னுருதுங்க. ரிலே பட்டனை அமுக்கி அமுக்கி வெரலே வலிக்குதுங்க. தக்காளி வாடுது. என்னங்க பண்றது?"

தம்பி தேடியிருந்தது. என் நடையில் பதில் சொல்லியிருந்தது.

"பயப்படாதீங்க. இது எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க. செவப்பு பட்டனை அமுக்கி மோட்டாரை நிறுத்திக்குங்க. ஸ்டார்ட்டர் மூடியைக் கழட்டி, ரிலேயில இருக்கற ரெண்டு முனையையும் ஒரு ஒயர்த் துண்டால சேர்த்து விடுங்க. அப்புறம் ஓட்டிப் பாருங்க. சரியாப் போயிருமுங்க."

அதற்கு வந்த பதில்: "ரொம்பச் சந்தோசமுங்க தம்பி. பன்னெண்டு மணிக்கு மூணு பேஸ் வருமுங்க. அதுக்குள்ள செஞ்சுபோடறனுங்க."

வாசிப்பில் எனக்கு எப்போதும் ஒரு தாமதம் உண்டு. நடை நன்றாக இருந்தால் பொருள் பிந்தித்தான் வரும். 'சரியாப் போயிருமுங்க' என்ற முடிவை ரசித்துவிட்டு அடுத்த உரையாடலுக்குப் போகப்போனவன்தான். கை நின்றது. மோட்டார் திணறினால் கருகவிடாமல் நிறுத்திக் காப்பதுதான் ரிலே; அதையே ஒயரால் முடக்கச் சொல்லியிருக்கிறது. சிவப்பு பட்டனை அமுக்கினால் மோட்டார்தான் நிற்கும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கரண்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். மோட்டாரை ஓட்டும் மூன்று பேஸ் மின்சாரம் வராத நேரத்திலும் கம்பியில் கரண்ட் உண்டு. வீட்டு விளக்கு அதில்தான் எரிகிறது. ஃபீஸ் கட்டையை, அதாவது ஃபியூஸை, பிடுங்காமல் அந்த மூடிக்குள் கையை விட்டால் கை வெளியே வராது. என் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இது இருக்கிறது. தம்பி அதைத் தாண்டி வெளியே போயிருந்தது.

எங்கே போனது என்று பதிவேட்டில் நீல வரியை அமுக்கிப் பார்த்தேன். பனி பெய்யும் ஏதோ ஒரு தேசம். வீட்டு நிலவறையில் ஊறும் தண்ணீரை இறைக்கிற, கைக்கடக்கமான ஒரு மோட்டாரைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனிதர் தொடக்கத்திலேயே, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தம்பி எடுத்துவந்தது அதற்கு ஐந்தாறு பதில் கழித்து வந்த ஒரு துண்டை. அவர் பிளக்கைப் பிடுங்கியது அன்னூருக்கு வந்து சேரவில்லை. என்னுடைய 'பயப்படாதீங்க' மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். நான்கு தடவை. "அதைச் செய்யாதீங்க, கையை வைக்காதீங்க" என்று செய்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக் விழுந்தன, படித்ததற்கான நீலம் வரவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நினைவுக்கு வந்தது அந்த மனிதர் அல்ல. பதினாறு கேள்விகளுக்குக் கீழே இருந்த என் கையெழுத்து. அடுத்தது போலீஸ். அதற்கடுத்துத்தான், தக்காளிக் காட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒயர்த் துண்டு தேடும் ஒருவர். அவர் வந்தபிறகு மற்ற இரண்டும் போய்விட்டன.

அந்தப் பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டால், அவர் ஒரு எஸ்டேட் மோட்டாருக்காக வால்பாறை போயிருந்தார். வளைவுகளில் பஸ் ஏறிக்கொண்டிருக்கும். தொடர்பு எல்லைக்கு வெளியே. பதிவில் முகவரி என்று இருந்தது ஒரே வரி: ஓடக்காட்டுத் தோட்டம், அன்னூர் வழி. எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் ஊருக்குள் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்தில்தான் வீடு. பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தம்பியிடமே வழி கேட்டேன். "வாங்க வாங்க" என்றது. ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தோட்ட விடுதி இருப்பதாகவும், இரண்டு நாள் தங்கினால் காலைச் சாப்பாடு சேர்த்தி என்றும் சொன்னது.

அந்தப் பெண்ணின் மேஜைக்கு ஓடினேன். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உடனே தேடல் இணைப்பைத் துண்டித்தார். இதே பதில் வேறு யாருக்காவது போயிருக்கிறதா என்று பார்த்தார்.

"இவிய ஒருத்தருக்குத்தாங்க சார் போயிருக்குது." சற்றுப் பொறுத்து, "நான் போன் போட்டுக்கிட்டே இருக்கறனுங்க. நீங்க கெளம்புங்க."

நீல வரியைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். சத்தி ரோடு நெடுக அவர் சொல்லாத அந்தச் சொல்லைத்தான் கேட்டுக்கொண்டு போனேன்.

என் ஸ்கூட்டர் நாற்பதைத் தாண்டாது, நானும் தாண்டவிட்டதில்லை. கணபதி சிக்னலில் நிற்கையில் பக்கத்து பஸ்காரர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். சரவணம்பட்டி தாண்டி, கோவில்பாளையம் தாண்டி, ஒவ்வொரு தடவை பையில் போன் அதிர்ந்தபோதும் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். எல்லாம் அந்தப் பெண்தான்: இன்னும் எடுக்கலீங்க சார். இன்னும் எடுக்கலீங்க சார்.

அன்னூரில் ஒரு பேக்கரியில் நிறுத்தினேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"ஓடக்காட்டுத் தோட்டம் எங்கீங்க இருக்குது?"

"எந்த ஓடக்காடுங்க? மேக்கால ஒண்ணு இருக்குது, கெழக்கால ஒண்ணு இருக்குது. நீங்க எந்த ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"சொந்த ஊரே அதுங்களா? மொகத்தைப் பார்த்தா நம்ம பக்கமாட்ட இருக்குது. தோட்டம் பார்க்கங்களா, பொண்ணு பார்க்கங்களா?"

"மோட்டார் பார்க்கங்க."

"அட, மெக்கானிக்குங்களா. நம்முளுதுகூட ஒண்ணு ஒரு மாசமா..."

ஒரு உயிர் போகப்போகிறது ஐயா, வழியைச் சொல்லும் என்று கத்தவேண்டிய இடம் அது. வாய் வரவில்லை. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்த வாயைக் கொடுப்பதில்லை. "வர்றப்பப் பார்த்துக் குடுக்கறனுங்க" என்றேன். டீ வந்தது. குடித்தேன். சூடாக இருந்ததால் ஊதிக்கூடக் குடித்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாதி தம்ளரில்தான் "தக்காளி போட்டிருக்கறாங்க" என்று சொல்ல வந்தது. "அப்ப கெழக்கால இருக்கறதுங்க" என்றார். மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம்.

இரண்டு இடத்தில் வழி தப்பி, பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நாய் ஒன்று குரைத்தது. வீடு திறந்து கிடந்தது. "ஏனுங்க" என்றேன். பதில் இல்லை. கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று அந்த எண்ணுக்கு போன் போட்டேன். வீட்டுக்குள்ளே மணி அடித்தது. சுவரோரம் சார்ஜரில் தொங்கிக்கொண்டு, தொட ஆளில்லாமல், என் அழைப்புக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு நூறு தப்படி தள்ளித் தண்ணீர்த் தொட்டி. குழாயிலிருந்து அதற்குள் தண்ணீர் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதாவது மோட்டார் ஓடுகிறது. அதாவது மூடி கழற்றப்பட்டாகிவிட்டது. ஒயர் சேர்க்கப்பட்டாகிவிட்டது. தொட்டியை ஒட்டி மோட்டார் ரூம், கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. பெண்கள் போடும் செருப்பு.

காலையிலிருந்து என் மனதில் ஓடிய வேட்டி கட்டிய மனிதர் அந்த இடத்தில் காணாமல் போனார். யார் என்றே தெரியாத ஒரு பெண் அந்த இருட்டு அறைக்குள் இருந்தார். கதவை இன்னும் ஒரு சாண் தள்ளினால் தெரிந்துவிடும். தள்ளவில்லை. ஐம்பத்துநான்கு வயது, ஊருக்கெல்லாம் 'பயப்படாதீங்க' எழுதிக் கொடுத்த ஆள், ஒரு தகரக் கதவின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாருங்க?"

குரல் முதுகுக்குப் பின்னால் வந்தது. திரும்பிய வேகத்தில் வழுக்கி ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், கையில் மண்வெட்டி, முழங்கால்வரை சேறு. வாய்க்கால் திருப்பிவிடப் போயிருக்கிறார்.

"அய்யோ, பார்த்துங்க. நாயி கீது தொரத்துச்சுங்களா?"

"பம்ப் கம்பெனியில இருந்து வாரனுங்க. மோட்டார்..."

"தம்பி அனுப்பிச்சாருங்களா? அட, அவர் சொன்னாப்பலயே செஞ்சுபோட்டனுங்க. பாருங்க, எப்படி ஓடுதுன்னு. எங்கூட்டுக்காரர் பவானிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. அவரில்லாமயே ஆச்சு."

"நிறுத்துங்க அம்மணி. மொதல்ல நிறுத்துங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே போய்ச் சிவப்பு பட்டனை அமுக்கினார். பிறகு நான் சொல்வதற்கு முன்பே, கூரையில் செருகியிருந்த காய்ந்த குச்சியை எடுத்து மெயின் ஸ்விட்சின் கைப்பிடியை இறக்கினார். மூன்று ஃபீஸ் கட்டைகளையும் வரிசையாகப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"காத்தாலயும் இதையெல்லாம் பிடுங்கிப்போட்டுத்தானுங்களா மூடியைக் கழட்டினீங்க?"

"பின்ன?"

"தம்பி அதைச் சொல்லலீங்களே."

"சொல்லலீங்க. மறந்திருப்பாருன்னு நெனச்சேன்." அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க, அவருக்கு அது தெரியாதுங்களா?"

சொன்னேன். தம்பி என்று ஒருவர் இல்லை, அது இயந்திரம். எங்கோ பனி பெய்கிற ஊரில் எவரோ பேசியதைப் பொறுக்கிவந்து சொல்லிவிட்டது. நிலவறையில் வைக்கிற குட்டி மோட்டாருக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்லிவிட்டது. உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாரில் மணல் ஏறியிருக்கும், அதனால்தான் ரிலே நிறுத்தியது, இப்படி ஓட்டினால் சாயங்காலத்துக்குள் கருகிவிடும். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இயந்தரம்னு தெரியுமுங்க. பையன் சொல்லியிருக்கறான்" என்றார். "ஆனாப் பேச்சு நம்ம ஊருப் பேச்சாட்ட இருந்துச்சுங்களே. நம்ம மோட்டார் தெரியாதவிய அப்படிப் பேசுவாங்களா?"

"பேச்சு நான் எழுதிக் குடுத்ததுங்க."

"ஓ."

அவர் மடியிலிருந்த ஃபீஸ் கட்டைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் இருந்தங்காட்டிப் பிடுங்கினேன்" என்றார் பிறகு. "எம்பட மருமக திருப்பூர்ல வளந்த புள்ளைங்க. இன்னிக்கு நான் கல்யாணத்துக்குப் போயி அவ இருந்திருந்தா..." வீட்டுக்குப் போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்தேன். கேட்காமலே இன்னொரு தம்ளர் ஊற்றினார்.

கம்பெனிக்குப் போன் செய்து திருப்பூர் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வந்து ஒயர்த் துண்டை எடுத்து என் கையில் கொடுக்கும்வரை அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு விரல் நீளம்கூட இல்லை.

மறுநாள் காலை, படித்துப் பார்க்காமல் சரி போட்ட பதினாறையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். மூன்று தப்பு. அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போய், நீல வரியைத் திரும்பப் போடுங்கள் அம்மணி என்றேன். கரண்ட் சம்பந்தப்பட்ட எதற்கும் அது வெளியே போகக்கூடாது என்றும் சொன்னேன். நேற்றே எழுதி வைத்துவிட்டேனுங்க சார், உங்கள் கையெழுத்துதான் பாக்கி என்றார். வரி வரியாகப் படித்துவிட்டுப் போட்டேன். எல்லாம் சரியாகும்வரை தம்பியை மொத்தமாக நிறுத்தி வைத்திருந்தோம். வருகிற செய்திகளுக்கு நானே உட்கார்ந்து பதில் எழுதினேன்.

பதினோரு மணிவாக்கில் அன்னூர் எண்ணிலிருந்து ஒன்று வந்தது. "ஏனுங்க தம்பி, நேத்து உங்க கம்பெனில இருந்து ஒருத்தர் வந்தாருங்க. பத்திரமா ஊடு போய்ச் சேந்தாருங்களா? ரொம்பப் பயந்துபோயிருந்தாரு."

"சேந்துட்டனுங்க அம்மணி" என்று எழுதினேன். "ரொம்ப நன்றிங்க."

உடனே பதில் வந்தது. "இப்பப் பேசறது அவருங்களா, தம்பிங்களா?"

நான்தானுங்க என்று அடித்தேன். அனுப்பவில்லை. இதைத்தான் அதுவும் சொல்லியிருக்கும், இதே ங்க-வோடு. அழித்தேன். வேறு விதமாக அடித்தேன். அதுவும் அதன் வாக்கியம்தான். மூன்று பக்கத்தில் எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் எழுதிக் கொடுத்திருந்தேன்.

போனை எடுத்து அவருடைய எண்ணைப் போட்டேன். மணி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.